சாதி தள்ளிவைத்த டைரக்டர்

திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதிக்கு வந்து பாருங்கள். பௌர்ணமி இரவானால் மலையைச் சுற்றி மக்கள் வெள்ளம். தோளோடு தோள் உரச நடக்கிறார்கள். யார் என்ன சாதி என்று கேட்பாரில்லை. ஆனால் இந்த நாட்டில் ஆலய வாயில் என்றைக்கும் எல்லோருக்கும் திறந்தா இருந்தது? இல்லை! சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததே 1947-ல்தான். அதற்குப் பத்தாண்டு முன்னரே சாதிக் கோட்டையின் சுவரில் ஓங்கி அறைந்தது ஒரு சினிமாப் படம். அறைந்தவர், அந்தக் கோட்டைக்குள்ளேயே பிறந்தவர். அவர்தான் டைரக்டர் கே. சுப்பிரமணியம்.

1904-ல் தஞ்சை மாவட்டம் பாபநாசத்தில் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் படித்தார். கறுப்பு அங்கி காசு தந்திருக்கும். அவரோ காமிராவை நாடினார். ஊமைப்பட நாட்களில் ராஜா சாண்டோவிடம் தொழில் பழகினார். 1934-ல் 'பவளக்கொடி' எடுத்தார். பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் திரைக்கு வந்தது அந்தப் படத்தில்தான்.

1931-ல் 'காளிதாஸ்' வந்தது முதல் தமிழ்ப் பேசும்படம் பெரும்பாலும் எதைப் பேசிற்று? தேவலோகத்தைப் பேசிற்று; தெருக்கோடியைப் பேசவில்லை! சுப்பிரமணியமும் புராணத்தில்தான் தொடங்கினார். ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை.

1937-ல் வந்தது 'பாலயோகினி'. சொந்தக்காரர் வீட்டில் விரட்டப்பட்ட பார்ப்பன விதவை, தாழ்த்தப்பட்ட வேலைக்காரன் வீட்டில் தஞ்சம் புகுகிறாள். அவன் மாள்கிறான், அவன் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்க்கிறாள் அவள். ஆத்திரம் கொண்ட சாதிமான்கள் அவன் குடிசைக்குத் தீ வைக்கிறார்கள். இதுதான் கதை. விதவை வேடத்துக்கு ஒரு பார்ப்பன விதவையையே அழைத்து வந்தார் டைரக்டர். வைதிகம் சும்மா இருக்குமா? சீறிற்று! அவரைச் சாதியைவிட்டே தள்ளிவைத்தது. தள்ளியவர்கள் பெயர் இன்று யாருக்குத் தெரியும்? படத்தில் ஆடிப்பாடிய குழந்தை சரோஜாவின் பெயரையோ நாடெங்கும் பெற்றோர் தம் பெண்களுக்குச் சூட்டினர்.

1938-ல் 'சேவாசதனம்'. பிரேம்சந்தின் நாவல் அது. கிழவனுக்குக் குமரியைக் கட்டிவைக்கும் கொடுமையைக் காட்டிற்று. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு அதுவே முதல் படம். 1939-ல் 'தியாகபூமி', கதை கல்கி. ஒதுக்கிவைத்த கணவன், மனைவி பணக்காரியானதும் சேர்ந்து வாழ வேண்டுமென்று வழக்காடுகிறான். வாழமாட்டேன், வேண்டுமானால் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள் அவள்! 1939-ல், தோழர்களே, ஒரு பெண்ணை அப்படிப் பேசவைக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்? காங்கிரசு மந்திரிசபை விலகியபின், வெள்ளை ஆட்சி அந்தப் படத்துக்குத் தடை போட்டது. தடை வருகிறதென்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி கொட்டகையில் இலவசமாகவே ஓட்டினார்கள். போலீசு தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தது.

பிற்பாடு, அவருடைய ஸ்டூடியோ தீக்கு இரையாகி ஏலத்துக்குப் போயிற்று. எடுத்தவர் வாசன், ஜெமினி பிறந்தது அங்கேதான். 1971-ல் சுப்பிரமணியம் மறைந்தார்.

அவர் வழி வேறு, நம் வழி வேறு. அவர் காந்தியாரை நம்பினார். மேல்சாதியின் மனம் கனிந்தால் கொடுமை தீரும் என்று கருதினார். கனியும் வரை காத்திரு என்று குடிசை எரிந்தவனிடம் சொல்ல முடியுமா? அந்தக் கேள்வி அவர் படங்களில் முழுதாக எழவில்லை. 1949-ல் 'வேலைக்காரி'யும், 1952-ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'பராசக்தி'யும்தான் அதை உரக்கக் கேட்டன. ஆனால் கேட்பதற்குக் காது வேண்டுமல்லவா? கொட்டகைக்கு வருபவன் தன் வீட்டுக் கதையைத் திரையில் காணலாம் என்ற பழக்கத்தை உண்டாக்கியவர்களில் சுப்பிரமணியம் முன்னவர்.

ஆகவே, உழைக்கும் தோழா! உனக்குப் பிடித்த டைரக்டர் யாரென்று கேட்டால், எத்தனை நாள் ஓடிற்று, எத்தனை கோடி சேர்ந்தது என்று கணக்குச் சொல்லாதே. குடிசை எரியும்போது அவர் காமிரா எந்தப் பக்கம் நின்றது என்று பார். பிறகு பதில் சொல்!