அண்ணலின் நடை

காந்தியடிகள் உடல் வலிமையாற் புகழ் பெற்றவர் அல்லர். மெலிந்த மேனியினர், பலமுறை நோய்வாய்ப்பட்டவர். ஆயினும், அறுபது ஆண்டு கடந்த பின்னரும் உடன்வரும் இளைஞர் மூச்சிரைக்க அவர் விரைந்து நடந்தார். அவ்வாற்றல் பிறப்போடு வந்ததன்று, நாள்தோறும் ஈட்டியதாகும்.

அடிகள் 1869ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் போர்பந்தரிற் பிறந்தார். இராசகோட்டில் அவர் பயின்ற உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் மேல்வகுப்பு மாணாக்கர்க்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். கூச்சம் மிகுந்த மோகனதாசருக்கு அவை இரண்டும் கசந்தன. பள்ளி விட்டதும் நோயுற்ற தந்தையார்க்குப் பணிவிடை செய்வதையே அவர் விரும்பினார். ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பயிற்சி இருந்தது. வானத்தை மேகம் மூடியிருந்தது. கையிற் கடிகாரமும் இல்லை. பொழுது அறியாது அவர் சென்றபோது அனைவரும் கலைந்து போயிருந்தனர். நடந்ததை உள்ளவாறே கூறியும் தலைமையாசிரியர் நம்பாது தண்டம் விதித்தார். சில அணாக்களுக்காக அவர் வருந்தவில்லை. பொய்யன் என்ற பழி வந்ததே என்று கண்ணீர் விட்டார். பின்னர்த் தண்டம் நீங்கிற்று. தந்தையார் எழுதிய கடிதத்தாற் பயிற்சியினின்றும் விலக்குக் கிடைத்தது.

விலக்குப் பெற்ற பிள்ளைகள் பலர் அதனோடு உடலை மறந்துவிடுவர். மோகனதாசர் அவ்வாறு மறக்கவில்லை. திறந்த வெளியில் நெடுந்தொலைவு நடத்தலின் நன்மையை நூல்களிற் படித்திருந்தார். அதனை வழக்கமாக்கிக் கொண்டார். எனினும், உடற்பயிற்சி கல்வியின்பாற் பட்டதன்று என்று அந்நாளில் எண்ணியது பிழையே எனப் பிற்காலத்தில் தம் வரலாற்றில் அவரே ஒப்புக்கொண்டார்.

1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்றார். அங்கே வண்டிக் கூலி அவர் கையிருப்பைக் கரைத்தது. ஆகவே, தம் அலுவல் நிகழும் இடங்களுக்கு அரைமணி நேரத்தில் நடந்து சென்றடையத்தக்க உறைவிடத்தைத் தேடிக் கொண்டார். பொருளைச் சேமிக்கத் தொடங்கிய அம்முறை உடலையும் காத்தது. நாள்தோறும் எட்டு அல்லது பத்து மைல் நடந்தார். குளிர்மிக்க அந்நாட்டிற் பெரும்பாலும் நோயின்றி வாழ்ந்தார். வழக்கம் நிலைபெற்ற வகை இங்கே விளங்கும். நடைக்கென அவர் தனிப் பொழுதை எதிர்நோக்கவில்லை. செய்தே தீரவேண்டிய வேலையோடு அதனைப் பிணைத்து விட்டார். மனம் சலித்த நாளிலும் வேலை அவரை நடக்கச் செய்தது.

தென்னாப்பிரிக்காவில் 1910ஆம் ஆண்டு தோல்சுதோய் பண்ணையை நிறுவினார். சோகானசுபர்க்கு நகரம் அங்கிருந்து 21 மைல். பண்ணையின் பொதுவேலையாகச் செல்வோர் புகைவண்டியில் மூன்றாம் வகுப்பிற் செல்லலாம். சொந்த வேலையாயின் நடந்தே செல்லவேண்டும் என்பது விதி. இரவு இரண்டு மணிக்கே எழுந்து கட்டுச்சோற்றுடன் புறப்படுவர். பிறர்க்கு விதித்ததைத் தாமும் செய்தமையால் அவ்விதி ஒருவர்க்கும் சுமையாகத் தோன்றவில்லை.

இடையூறுகளும் நேர்ந்தன. 1918ஆம் ஆண்டு கேடா மாவட்டத்தில் நாளொன்றுக்கு இருபது மைல் வரை அலைந்தவர், கடும் வயிற்றுக்கடுப்பாற் படுக்கையில் வீழ்ந்தார். இறுதி நெருங்கியதென்றே எண்ணினார். நெடுநாட் கழித்து எழுந்தபோது விட்ட வழக்கத்தை மீண்டும் மேற்கொண்டார்.

அதன் பயன் 1930ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் தொண்டர் 78 பேருடன் சபர்மதியினின்று புறப்பட்டு, ஏறத்தாழ 240 மைல் கடந்து, ஏப்பிரல் 5ஆம் நாள் தண்டியை அடைந்தார். இளைஞர் சிலர்க்குக் கால் கொப்பளித்தது, சிலர் நோயுற்றனர். அடிகளோ வழியில் நாள்தோறும் நூல் நூற்றார், கடிதங்கள் எழுதினார், மாலையிற் கூட்டங்களிற் பேசினார்.

நவகாளியில் 1947ஆம் ஆண்டு தொடக்கத்தில், கலகத்தால் நொந்த மக்களைத் தேற்ற ஊர்தோறும் வெறுங்காலுடன் நடந்தார். அப்போது அகவை எழுபத்தேழு. அந்நாட்டுக் கால்வாய்களின் குறுக்கே கிடந்த ஒடுங்கிய மூங்கிற் பாலங்களைக் கடப்பதற்கு, இளம் மாணாக்கன் போல, அவர் முன்னதாகவே பழகிக் கொண்டார்.

1948ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள், பட்டேலுடன் உரையாடல் நீண்டமையால் ஐந்து மணி வழிபாட்டிற்குச் சிறிது காலம் தாழ்ந்தது. அதற்கு வருந்தியவராய், மனுவும் ஆபாவும் இருமருங்கும் வர, தில்லி மாளிகையின் புல்வெளியில் விரைந்து நடந்தார். கூடியிருந்தோர் வழிவிட்டனர். வழிபாட்டு மேடையை அடைவதற்கு முன்னரே குண்டுகள் அவர் மார்பிற் பாய்ந்தன.