கண்டு எழுதிய துறவி: புனித பெரிய அல்பேட்



தீக்கோழி இரும்பைத் தின்று செரித்துவிடும் என ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பிவந்தனர். பழைய நூல்கள் கூறின. படித்தவர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஒரு துறவியோ, தீக்கோழிகளின் முன் பலமுறை இரும்பைப் போட்டுப் பார்த்தார். அவை அதைத் தின்னவில்லை. எலும்பையும் கல்லையுமே விழுங்கின. கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார். அவரே புனித பெரிய அல்பேட்.

ஜேர்மனியில் தன்யூப் நதிக்கரையிலுள்ள லவிங்கன் என்னும் ஊரில் ஏறக்குறைய 1200ஆம் ஆண்டிற் பிறந்த அவர், இத்தாலியிற் கல்வி கற்கையில் சாமிநாதர் சபையிற் சேர்ந்தார். பாரிஸிலும் கொலோனிலும் கற்பித்தார். புனித தோமஸ் அக்குவைனஸ் அவரது மாணவர். 1260இல் ரேகன்ஸ்பேர்க் நகரின் ஆயரானார். 1262இல் அப்பதவியைத் துறந்தார்.

கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டோட்டிலின் நூல்களுக்கு விளக்கம் எழுதியது அவரது பெரும் பணி. அந்த ஞானியை மிக மதித்தார். ஆயினும் அவரும் மனிதரே, நம்மைப்போலத் தவறக்கூடியவரே என்பதை மறக்கவில்லை. செடிகொடிகளின் இயல்பைத் தர்க்கத்தால் மட்டும் நிறுவமுடியாது, அனுபவமே அங்கு சாட்சி என்பது அவர் கொள்கை. ஒருவகைக் காட்டு வாத்து மரத்தில் உண்டாகிறது என்ற கதையை அவர் மறுத்தார். அவ்வாத்துக்கள் முட்டையிடுவதையும் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதையும் தாமும் தோழர்களும் நேரிற் கண்டதாகக் குறித்தார். தாம் காணாதவற்றிற் பிறர் சொல்லை நம்பி அவரும் தவறியதுண்டு.

இறைவன் புதுமை செய்ய வல்லவர் என்பதில் அவருக்கு ஐயமேயில்லை. ஆனால் இயற்கையை ஆராயும்போது இயற்கையிலேயே அமைந்துள்ள காரணங்களைத் தேடவேண்டும் எனக் கற்பித்தார். படைப்பை உற்று நோக்குபவன் படைத்தவரை விட்டு விலகவேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1280 நவம்பர் 15இல் கொலோனில் இறைபதம் அடைந்தார். 1931இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராகவும் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவித்தார். 1941இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அவரை இயற்கை விஞ்ஞானிகளின் பாதுகாவலராக்கினார்.

விஞ்ஞானம் கற்றால் பிள்ளையின் விசுவாசம் குன்றிவிடுமோ என அஞ்சும் பெற்றோரே, இப்புனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஏன், எப்படி என்று கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். கையைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்று, பார்க்கப் பழக்குங்கள். உண்மை எதுவாயினும் அது இறைவனுடையதே. அதைக் காண அஞ்சுகிற விசுவாசம் இன்னும் முதிரவில்லை.