சென்சாரை நம்பலாமா, கையை நம்பலாமா? மண்ணை அளந்த விஞ்ஞானி எல்.ஏ.ராமதாஸின் கதை

காரிமங்கலம் பக்கம் சொட்டுநீர் போட்ட தக்காளித் தோட்டம் ஒன்றில் மண் ஈரப்பத சென்சார் செருகியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் 25 சதவீதம் என்று காட்டுகிறது. கையில் மண்ணை எடுத்துப் பிசைந்தால் பொலபொலன்னு உதிர்கிறது. இப்போ எதை நம்புவது?

கருவி பொய் சொல்கிறதா, நாம் தப்பாக நினைக்கிறோமா என்ற இதே சிக்கலை 90 வருஷத்துக்கு முன்பே சந்தித்தவர் எல்.ஏ.ராமதாஸ். தருமபுரியில் இந்தப் பெயரைச் சொன்னதும் ஞாபகத்துக்கு வரும் அரசியல் தலைவர் இல்லை இவர். இயற்பியல் விஞ்ஞானி. இந்திய வேளாண் வானிலையியலின் தந்தை என்று அறியப்படுபவர்.

யார் இவர்?

1900-ல் பாலக்காட்டில் பிறந்தவர். முழுப்பெயர் லட்சுமிநாராயணபுரம் அனந்தகிருஷ்ணன் ராமதாஸ். கல்கத்தாவில் சர் சி.வி.ராமனின் மாணவராக, திரவங்களின் மேற்பரப்பில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ஆராய்ந்தார். பிறகு இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார்.

1932-ல் அந்தத் துறை புனேயில் வேளாண் வானிலைப் பிரிவைத் தொடங்கியது. பொறுப்பு ராமதாஸிடம் வந்தது. அதுவரை வானிலை என்றால் வானத்தைப் பார்ப்பது. ராமதாஸோ குனிந்து தரையைப் பார்த்தார். பயிர் வாழ்வது மேகத்தில் இல்லையே, தரையை ஒட்டிய சில அடி உயரத்தில்தானே!

உலகம் நம்பாத அளவீடு

மேகமோ காற்றோ இல்லாத இரவில் எந்த இடம் அதிகம் குளிரும்? தரைதான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லின. தரை வெப்பத்தை வேகமாக இழக்கிறது, அதனால் அதை ஒட்டிய காற்றுதான் அதிகம் குளிர வேண்டும்.

ராமதாஸும் ஆத்மநாதனும் வெவ்வேறு உயரங்களில் வெப்பநிலையை அளந்தார்கள். வந்த விடை வேறு. வெறும் மண் தரையில் குறைந்தபட்ச வெப்பநிலை தரையில் இல்லை. அதற்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருந்தது. 1932-ல் ஜெர்மன் ஆய்விதழ் ஒன்றில் இதை வெளியிட்டார்கள்.

பலரும் நம்பவில்லை. தெர்மாமீட்டரே இரவில் வெப்பத்தை இழந்து தப்பாகக் காட்டியிருக்கும், பக்கத்தில் இருந்து குளிர்காற்று வந்திருக்கும் என்றெல்லாம் சந்தேகம் கிளம்பியது. ஒரு விஞ்ஞானியின் கருவி தப்பு என்றால் அவர் கண்டுபிடிப்பும் தப்பு. அதுதான் இங்கே பிரச்சினை.

1957-ல் ராஷ்கே என்ற ஜெர்மன் ஆய்வாளர் புனேயிலேயே கவனமாக அளந்து, ராமதாஸ் சொன்னது சரிதான் என்று காட்டினார். இன்று அதற்குப் பெயர் ராமதாஸ் விளைவு. ஏன் அப்படி நடக்கிறது என்பதை விளக்க 1993-ல் பெங்களூரு விஞ்ஞானிகள் ஒரு கோட்பாடு தந்தார்கள். காற்றில் மிதக்கும் நுண்துகள்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

மண் இரவில் நீர் குடிக்குமா?

ராமதாஸ் வெப்பத்தோடு நிற்கவில்லை. கட்டியுடன் சேர்ந்து 1934-ல் வெளியிட்ட ஆய்வில், மழையில்லாத காலத்தில் புனே மண்ணின் மேற்பரப்பு பகலில் ஈரத்தை விடுவதையும், இரவில் காற்றில் இருந்து கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்வதையும் பதிவு செய்தார். கரிசல் மண்ணின் மேல் வெள்ளைப் பொடி தூவினால் மண்ணின் சூடு குறைகிறது என்றும் காட்டினார். 1958-ல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 1979-ல் காலமானார்.

சரி, நம்ம சென்சாருக்கு என்ன சம்பந்தம்?

இன்றைய சென்சார்களில் பெரும்பாலானவை தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. மண்ணின் மின்பண்பை அளந்து ஈரத்தைக் கணக்குப் போடுகின்றன. இந்தப் பண்பு தண்ணீருக்கு சுமார் 80, காய்ந்த மண்துகளுக்கு சுமார் 4, காற்றுக்கு 1. ஆனால் உப்பு, களி, வெப்பநிலை மாறினால் கணக்கும் மாறும். கம்பெனியில் வேறு மண்ணுக்குச் செட் செய்த கருவி, நம்ம செம்மண்ணில் தடுமாறலாம்.

அதைச் சரிபார்ப்பதுதான் கேலிபரேஷன். சென்சாருக்குப் பக்கத்தில், அதே ஆழத்தில் மண் எடுத்து எடை போட வேண்டும். 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் அவனில் உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும்.

உதாரணத்துக்கு, ஈரமாக 200 கிராம், உலர்ந்தபின் 180 கிராம் என்றால் போனது 20 கிராம் தண்ணீர். 20-ஐ 180-ஆல் வகுத்தால் சுமார் 11 சதவீதம். இது எடைக் கணக்கு. பல சென்சார்கள் காட்டுவது கனஅளவுக் கணக்கு. மண்ணின் பரும அடர்த்தி 1.4 என்றால், அதால் பெருக்கினால் சுமார் 16 சதவீதம் வரும்.

சென்சார் 25, மண் 16. அந்த 25-ஐ நம்பி வால்வைத் திறக்காமல் விட்டால் செடி வாடும். காய்ந்த நிலை, நடுத்தரம், நல்ல ஈரம் என்று பல நிலைகளில் இப்படி ஒப்பிட்டுத் திருத்தினால்தான் கருவி நம்ம ஊர் மண்ணுக்குப் பழகும். மேல்மண்ணின் ஈரம் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாறும் என்பதால், சென்சார் ரீடிங்கையும் மண் மாதிரியையும் ஒரே நேரத்தில் எடுப்பது முக்கியம்.

ராமதாஸ் விஷயத்தில் எல்லோரும் சந்தேகப்பட்ட கருவி சரியாக இருந்தது. தோட்டத்தில் எல்லோரும் நம்பும் கருவி தப்பாக இருக்கலாம். இரண்டிலும் தீர்ப்பு சொல்வது ஒன்றுதான்: திரும்ப அளந்து பார்ப்பது.