எபிரேயச் சுருக்கக் குறிகளும் யோகானஸ் புக்ஸ்டோர்ஃபும்

எபிரேய இலக்கணத்தைக் கற்றுத் தேர்ந்தவரும் யூத உரைநூல் ஒன்றை விரித்தால் முதற்பக்கத்திலேயே தடைபட்டு நிற்கக்கூடும். நூற்பெயர், ஆசிரியர் பெயர், வழக்கமான தொடர் ஆகியன அங்கு முதலெழுத்துகளாகச் சுருங்கி, இறுதி எழுத்திற்கு முன் இரு சிறு கோடுகள் பெற்று நிற்கின்றன. ரபி ஷ்லோமோ யிட்ஸ்ஹாக்கி என்பவர் ராஷி ஆகிறார். தோரா, நெவீம், கெத்துவீம் என்னும் மறைநூற் பிரிவுகள் மூன்றும் சேர்ந்து தனாக் ஆகின்றன. ரேஷ், தாவ் என்னும் ஈரெழுத்துகள் ராஷியின் மகள்வயிற்றுப் பேரரான ரபேனு தாமையும் குறிக்கும். முதலெழுத்துச் சுருக்கம் என்னும் பொருள்தரும் ரோஷே தேவோத் என்ற தொடரையும் குறிக்கும். இடம் நோக்கியே பொருள் தெளிய வேண்டும். மரபினுள் வளர்ந்தோர் ஆசிரியரிடம் கேட்டறிந்த இவ்வறிவைப் புறத்தாரும் பெறுமாறு நூலாக்கியவர்களுள் முதன்மையானவர் யோகானஸ் புக்ஸ்டோர்ஃப்.

இவர் 1564 டிசம்பர் 25இல் ஜெர்மனியின் வெஸ்ட்பாலியப் பகுதியிலுள்ள காமெனில் பிறந்தார். ஹெர்போர்னில் பிஸ்காட்டரிடம் பயின்றபின் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரை அடைந்து, 1591 முதல் இறுதிவரை அந்நகரப் பல்கலைக்கழகத்தில் எபிரேயப் பேராசிரியராக விளங்கினார். 1613இல் அவர் வெளியிட்ட எபிரேயச் சுருக்கங்கள் பற்றிய இலத்தீன் நூல், சுருக்கங்களை வரிசைப்படுத்தி விரித்துரைத்தது. தால்மூதின் பகுப்புகளைப் பற்றிய விளக்கமும் ரபிமார் நூல்களின் அகரவரிசைப் பட்டியலும் அதனுடன் இணைந்திருந்தன. சுருக்கத்தை விரிப்பதும், அது சுட்டும் நூலைக் கண்டடைவதும் ஒரே பணியின் இரு கூறுகள் என்பதை இவ்வமைப்பே புலப்படுத்துகிறது.

யூத சமயத்தின்பால் புக்ஸ்டோர்ஃப் கொண்ட நோக்கு நட்பானதன்று. 1603இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவரது நூல், யூத வழக்காறுகள் மறைநூலினின்று விலகியவை எனக் காட்டவே எழுதப்பட்டது. எனினும் அவரது புலமை யூத அறிஞரின் துணையின்றி இயலாததாயிருந்தது. 1618, 1619ஆம் ஆண்டுகளில் ரபிமார் உரைகளுடன் கூடிய எபிரேய மறைநூலைப் பதிப்பித்தபோது, யூதர் குடியிருக்க உரிமையற்ற அந்நகரில், ஆபிரகாம் பிரவுன்ஷ்வைக் என்னும் யூதர் பிழைதிருத்தும் பணிக்காகச் சிறப்பு இசைவுடன் தங்கியிருந்தார். அவர் மகனின் விருத்தசேதனச் சடங்கிற்குச் சென்றமைக்காகப் புக்ஸ்டோர்ஃபிற்கு 100 புளோரின் தண்டம் விதிக்கப்பட்டது. எழுத்தில் யூத சமயத்தை மறுத்தவர், வாழ்வில் யூதர் இல்லத்திற்குச் சென்றதற்காகத் தண்டனை பெற்றார். இம்முரணை ஒதுக்கிவிட்டு அவரது புலமையை மதிப்பிடுதல் முறையாகாது.

1620இல் வெளிவந்த திபேரியாஸ் என்னும் நூலில், மறைநூலின் ஓரங்களில் அரமேயச் சுருக்கங்களாக அமைந்த மசோராக் குறிப்புகளை விளக்கினார். உயிரொலிக் குறிகள் தொன்மையானவை என்று அந்நூலில் அவர் கொண்ட முடிபை 1624இல் லூயி கப்பெல் மறுத்தார். பிற்கால ஆய்வு கப்பெலின் பக்கமே நின்றது. முடிபு வீழ்ந்தபின்னும் மசோராவைப் படிக்க அவர் வகுத்த வழி பயன்பட்டது.

1629 செப்டம்பர் 13இல் கொள்ளைநோய்க்கு அவர் இரையானார். முற்றுப்பெறாதிருந்த அரமேய, தால்மூதிய அகராதியை அவர் பெயரையே தாங்கிய மகன் நிறைவுசெய்து 1639இல் வெளியிட்டார். ஒரு மரபின் சுருக்கக் குறியை விரித்தறிய அம்மரபினரின் துணை வேண்டும் என்பதற்குப் புக்ஸ்டோர்ஃபின் வாழ்வு தக்க சான்றாகும். அத்துணையின் பெரும்பகுதி அவர் நூல்களின் முகப்பில் இடம்பெறவில்லை என்பதும் உடன் கருதத்தக்கது.