தையல்காரப் பெண்ணின் கவலையைக் கேட்ட டாக்டர்!

ஒருவர் முகம் வாடியிருந்தால், என்ன காரணம் என்று நின்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படிக் கேட்ட ஒரு டாக்டரால் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பல உயிர்கள் பிழைத்துக் கொண்டிருக்கின்றன. அவர் கதையை இந்த வாரம் தெரிந்து கொள்வோமா?

அவர் பெயர் ஆல்ட்ரெட் ஸ்காட் வார்த்தின். அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில் உள்ள கிரீன்ஸ்பர்க் என்ற ஊரில் 1866ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதில் அவருக்கு இசை என்றால் உயிர். முறையாகப் பயின்று, இசை ஆசிரியருக்கான சான்றிதழும் பெற்றார். ஆனால், அவர் மனம் மருத்துவத்தை நாடியது. மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, 1891ல் டாக்டர் பட்டம் பெற்றார். பின், அங்கேயே நோய்க்கூறியல் பேராசிரியர் ஆனார். நோயாளிகளின் உடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து, என்ன நோய் என்று சொல்வதே அவர் வேலை.

1895ம் ஆண்டு. ஆன் ஆர்பர் நகரில் அவருக்கு அறிமுகமான தையல்காரப் பெண் ஒருத்தி மிகவும் சோர்ந்து காணப்பட்டாள். காரணம் கேட்டார் வார்த்தின். தன் குடும்பத்தில் பலர் வயிற்றிலோ, குடலிலோ, கருப்பையிலோ புற்றுநோய் வந்து இறந்து விட்டதாகவும், தானும் அப்படித்தான் சிறு வயதிலேயே இறக்கப் போவதாகவும் அவள் சொன்னாள். அப்போது அவள் உடல்நலத்தில் ஒரு குறையும் இல்லை!

வேறு யாராக இருந்தாலும், வீண் பயம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பர். வார்த்தின் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பெண்ணின் உதவியோடு தாத்தா, அவர் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் என்று வம்ச வரலாறு முழுவதையும் எழுதத் தொடங்கினார். அவர்களின் முன்னோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். குடும்பத்தின் உண்மைப் பெயரை வெளியிடாமல், ஜி குடும்பம் என்று மட்டும் குறிப்பிட்டார்.

ஒன்றல்ல, இரண்டல்ல... பதினெட்டு ஆண்டுகள் தகவல் சேகரித்து, 1913ல் கட்டுரையாக வெளியிட்டார். அந்தத் தாத்தாவின் சந்ததியினர் 48 பேரில், 17 பேர் புற்றுநோயால் இறந்திருந்தனர் அல்லது அதற்காக அறுவை சிகிச்சை செய்து கொண்டிருந்தனர். சில குடும்பங்களில் புற்றுநோய் பரம்பரையாக வரக்கூடும் என்பதை அந்தக் கணக்கு எடுத்துக் காட்டியது.

ஆனால், அன்று பலர் இதைப் பெரிதாக எண்ணவில்லை. அந்தத் தையல்காரப் பெண்ணோ, தான் அஞ்சியபடியே கருப்பைப் புற்றுநோயால் இறந்து போனாள். அவளைக் காப்பாற்ற வார்த்தினால் முடியவில்லை. நோய்க்குக் காரணம் என்ன என்பதும் அவருக்குத் தெரியாது. 1931ல் அவரும் மறைந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பரம்பரைக் குறை உள்ளவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்ற கருத்து அக்காலத்தில் படித்தவர்கள் பலரிடம் இருந்தது. வார்த்தினும் அதை ஆதரித்தார். அது தவறு. பெரியவர்களின் நல்லதை எடுத்துக் கொண்டு, தவறை விட்டுவிட வேண்டும்.

வார்த்தின் எழுதி வைத்த ஏடுகள் பல்கலைக் கழகத்தில் பத்திரமாக இருந்தன. பிற்காலத்தில் ஹென்றி லிஞ்ச் என்ற டாக்டர் கையில் அவை கிடைத்தன. அவர் ஜி குடும்பத்தின் வரலாற்றைத் தொடர்ந்து எழுதி, 1971ல் வெளியிட்டார். பிந்தைய தலைமுறைகளில் பெருங்குடல் புற்றுநோய் அதிகமாகி இருந்தது. இன்று இந்தப் பரம்பரைக் குறைபாட்டுக்கு அவர் பெயரே வழங்குகிறது. 2000ம் ஆண்டில், அந்தக் குடும்பத்தில் பழுதான மரபணு எது என்பதும் தெரிந்து விட்டது. அதன் பெயர் எம்.எஸ்.எச்.2.

அது என்ன செய்கிறது? நீங்கள் பாடம் பார்த்து எழுதும்போது எழுத்துப் பிழை வரும் அல்லவா? ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவார். நம் உடலிலும் ஒரு செல் இரண்டாகும் போது, அதிலுள்ள மரபுச் செய்தி முழுவதும் நகல் எடுக்கப்படுகிறது. அதில் வரும் பிழைகளைத் திருத்தச் சில புரதங்கள் உள்ளன. எம்.எஸ்.எச்.2 மரபணு தருவது அத்தகைய ஒரு புரதம். அது இல்லாவிட்டால், பிழை மேல் பிழை சேர்ந்து, ஒருநாள் புற்றுநோய் ஆகிவிடக்கூடும்.

இன்று பெருங்குடல் புற்றுநோய் வந்தவரின் கட்டியில் சிறு துணுக்கை எடுத்து, சாயம் ஏற்றி, இத்தகைய நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கின்றனர். ஏதேனும் ஒன்று இல்லை என்றால், அது முக்கியமான அடையாளம். நோய் பரவாத ஆரம்பக் கட்டத்தில், இத்தகையோருக்கு நோய் திரும்பி வருவது பொதுவாகக் குறைவு. முற்றிய நிலையிலும், உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகள் இவர்களில் பலருக்கு நல்ல பலன் தருகின்றன. குறை பரம்பரையாக வந்தது என்று தெரிந்தால், உறவினர்களின் குடலையும் குழாய்க் கருவியால் அவ்வப்போது பரிசோதித்து, சிறு கட்டிகளை ஆரம்பத்திலேயே அகற்றி விடுகின்றனர்.

பயப்படாதீர்கள் குழந்தைகளே! பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருபவை அல்ல. நோயாளியைத் தொடுவதாலும் அது ஒட்டிக் கொள்ளாது.

அந்தத் தையல்காரப் பெண் டாக்டருக்குப் படித்தவள் அல்ல. ஆனாலும், தன் குடும்பத்தைப் பற்றி அவள் கவனித்தது உண்மை. அதைக் காது கொடுத்துக் கேட்டார் ஒருவர், எழுதியும் வைத்தார். நீங்களும் உங்கள் தாத்தா, பாட்டியிடம் உட்கார்ந்து, குடும்பக் கதைகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அது என்றாவது யாருக்காவது கட்டாயம் பயன்படும்!