காது கேட்காத கணக்கு வாத்தியார்... ராக்கெட்டுக்கு வழி சொன்ன கதை!

ராக்கெட் லாஞ்ச் வீடியோவை போன்ல பார்த்திருப்பீங்க. கிளம்பின கொஞ்ச நேரத்துல அடிப்பகுதி கழன்று விழும், மேல்பகுதி மட்டும் சீறிப் போகும். ஏன் அப்படி? விடை 1897-ல் எழுதப்பட்ட ஒரு சமன்பாட்டில் இருக்கு. ரைட் சகோதரர்களின் விமானம்கூட அப்போ பறக்கலை. எழுதியவர் ரஷ்யாவின் சின்ன ஊர் ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்த கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி.

கறுப்பு ரொட்டியும் லைப்ரரியும்

1857-ல் இஷெவ்ஸ்கோயே கிராமத்தில் பிறந்தவர். பத்து வயது வாக்கில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சல், காதைப் பெருமளவு செயலிழக்க வைத்தது. 13 வயதில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். பள்ளிப் படிப்பைத் தொடர முடியலை.

16 வயதில் மாஸ்கோ போனார். கல்லூரி இல்லை, லைப்ரரிதான் எல்லாமே. வீட்டிலிருந்து வந்த கொஞ்சப் பணமும் புத்தகத்துக்கும் ரசாயனப் பொருள்களுக்கும் போக, கறுப்பு ரொட்டியே சாப்பாடு. மூன்று வருஷம் இப்படியே. பிறகு தேர்வு எழுதி ஆசிரியரானார். 1892-ல் கலுகா நகருக்கு மாற்றலாகி, கடைசி வரை அங்கேயே இருந்தார். தகரத்தில் தானே செய்த புனலைக் காதில் வைத்துத்தான் மற்றவர்கள் பேசுறதைக் கேட்பார்.

காலி டேங்க்கை எதுக்குச் சுமக்கணும்?

அவர் கணக்கு சொன்னது இதுதான். ராக்கெட்டின் வேகம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒண்ணு, பின்னால் வாயு எவ்வளவு வேகமாக வெளியேறுது. இன்னொண்ணு, எரிபொருள் தீர்ந்ததும் எடை எத்தனை மடங்கு குறையுது. 1903-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டு, திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்ஸிஜனும் நல்ல ஜோடின்னும் சொன்னார். ககன்யானுக்காக இஸ்ரோ தயார்செய்யும் எல்.வி.எம்.3 ராக்கெட்டின் மேல் அடுக்கு இதே ஜோடியில்தான் ஓடுது.

1929-ல் ரயில் பெட்டி மாதிரி ராக்கெட்டுகளைக் கோத்து, எரிபொருள் தீர்ந்ததைக் கழற்றிவிடும் யோசனையை எழுதினார். நீங்க வீடியோவில் பார்க்கிறது அதைத்தான்!

1903 கட்டுரையை அப்போ பெருசா யாரும் கண்டுக்கலை. அதற்கு முந்தின வருஷம்தான் மகன் இக்னாத்தி தற்கொலை செய்துகொண்டார். 1908-ல் ஓக்கா ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து, எழுதிவைத்த தாள்களை நாசமாக்கியது. மனுஷன் மறுபடியும் உட்கார்ந்து எழுதினார்.

அவர் பார்க்காத நாளைகள்

விண்வெளியில் மனிதர்கள் தங்கும் நிலையம், காற்று வீணாகாமல் வெளியே போய்வர இரட்டைக் கதவு அறை, உணவுக்கும் ஆக்ஸிஜனுக்கும் செடி வளர்க்கும் கூடம்... எல்லாத்தையும் பேப்பரில் யோசித்துவைத்தார். முதல் இரண்டும் இன்னிக்கு நிஜம். மூன்றாவது இப்போதான் ஆரம்பம். விண்வெளி நிலையத்தில் வளர்த்த கீரையை 2015-ல் வீரர்கள் சாப்பிட்டாங்க. செவ்வாய்க்குப் போய்த் தங்கணும்னா இது பெரிய அளவில் நடக்கணும். எல்லாச் சாப்பாட்டையும் பூமியிலிருந்தே மூட்டை கட்ட முடியாதே!

சியோல்கோவ்ஸ்கி ஒரு விண்வெளி ராக்கெட்கூடக் கட்டலை. 1935-ல் இறந்தார். ஸ்புட்னிக் பறந்த 1957, அவருடைய நூற்றாண்டு. 1961-ல் விண்வெளிக்குப் போய்வந்த யூரி ககாரின், சில வாரங்களிலேயே கலுகாவுக்கு வந்து, அவர் பெயரிலான அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

அடுத்த முறை லாஞ்ச் வீடியோவில் அடிப்பகுதி கழன்று விழும்போது, கலுகா வாத்தியாரை ஒரு நொடி நினைச்சுக்கோங்க!