முத்துக்குளித்துறையின் மொழி மாணவர் – அண்டிரிக் அடிகளார்

பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், நெல்லை, திருவைகுண்டம் என வழியெல்லாம் வயல்களை வளப்படுத்தி வரும் தாமிரபரணி, கடலோடு கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு வரை நம் நெல்லை மாவட்டத்து ஊராக இருந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. கடற்கரையூர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயிலும் சகோதரியருக்கு இவ்வூர் புதிதன்று. ஆயினும் தமிழுக்கு இலக்கணம் எழுதிய முதல் ஐரோப்பியர் இவ்வூரில்தான் நெடுங்காலம் வாழ்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் போர்த்துக்கல் நாட்டு இயேசு சபைத் துறவி என்றீக்கே என்றீக்கஸ். நம் மக்கள் நாவில் அப்பெயர் அண்டிரிக் என்றாயிற்று. தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்று அவரைப் போற்றுவர். அச்சுக்கு முன்பே அவர் செய்த மற்றொரு பணி உண்டு. அதைப் பற்றியே இங்கு மிகுதியாகச் சொல்ல விரும்புகிறேன்.

அடிகளாருக்கு முன் இக்கரைக்கு வந்தவர் புனித சவேரியார். 1542ஆம் ஆண்டு அவர் முத்துக்குளித்துறையில் கால் வைத்தபோது, பரதவ மக்கள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் செபம் சொல்லித்தர ஆளில்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கீசு அறிந்த உள்ளூரார் சிலரை உடன் வைத்துக்கொண்டு செபங்களை ஒருவாறு தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். விசுவாச மந்திரத்தில் ஒரு சொல் பிழையாக அமைந்துவிட்டது. நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் எனக்கு வேணும் என்று வந்தது! கடவுளை நம்புகிறேன் என்று சொல்வதாக எண்ணிக் கடவுள் எனக்கு வேணும் என்று மக்கள் சொல்லிவந்தனர். 1544ஆம் ஆண்டு தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய மடலில், வேணும் என்பதை விடுத்து விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லையே இனிச் சொல்லித்தர வேண்டும் என்று சவேரியாரே திருத்தி எழுதினார். கடவுள் வேண்டும் என்பதும் நல்ல செபம்தானே என்று நாம் கேட்கலாம்! ஆனால் மறை கற்பிக்க வந்தவருக்கு அது விளையாட்டன்று. ஒப்புரவு அருட்சாதனத்தை எண்ணிப் பாருங்கள். குருவுக்கு மொழி தெரியாவிடில் நடுவே ஒரு துபாசி நிற்க வேண்டும். ஒரு பெண் தன் மனத்துயரைக் குருவிடம் மட்டும் சொல்ல முடியாமல், மூன்றாமவர் காதிலும் போட வேண்டிய நிலை!

இந்நிலையில்தான் அண்டிரிக் அடிகளார் வந்து சேர்ந்தார். அவர் 1520ஆம் ஆண்டு போர்த்துக்கல்லில் வில்லா விசோசா என்னும் ஊரில் பிறந்தவர். யூத வழிவந்த குடும்பம். இளமையில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார்; யூத மரபினர் என்ற காரணத்தால் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. பிறப்பைக் காட்டி ஒருவரை ஒதுக்கும் வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று போலும். பின்னர்க் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். 1545இல் அங்கேயே இயேசு சபையில் சேர்ந்தார். மறு ஆண்டே கோவாவுக்குக் கப்பலேறினார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். உடல்நலம் குன்றியவர். வந்த வெயிலையும் உப்புக்காற்றையும் அவர் உடல் எவ்வாறு தாங்கியதோ, ஏறத்தாழ ஐம்பத்து மூன்று ஆண்டுகள் தாங்கியது.

அவருக்குத் தமிழ் கற்பிக்க நூல் இல்லை. போர்த்துக்கீசு–தமிழ் அகராதி இல்லை. நன்னூலும் தொல்காப்பியமும் ஏட்டுச் சுவடிகளாகப் புலவர் வீடுகளில் இருந்தன. அடிகளாரைச் சுற்றி இருந்தவர்களோ மீனவரும் முத்துக்குளிப்போரும் அவர்தம் பெண்டிரும் பிள்ளைகளும். ஆகவே அவர் தாம் பள்ளியில் இலத்தீன் கற்ற முறையையே கையில் எடுத்தார். 1548ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வேம்பாற்றிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய மடல் இதை நன்கு காட்டுகிறது. வினைச்சொற்களின் இறந்தகாலம், எதிர்காலம் முதலியவற்றையும், பெயர்களின் வேற்றுமைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தேடிப் பிடித்ததையும், வாக்கியத்தில் எந்தச் சொல் முன் வரும், எது பின் வரும் என்று ஆராய்ந்ததையும், இதற்குப் பட்ட பாட்டையும் அதில் விளக்கியிருக்கிறார். துபாசியின் துணையைப் பெரிதும் நாடாமல் மக்களோடு பேசும் நிலையை அதற்குள் எட்டிவிட்டார்.

இதில் என்ன பெரிய பாடு என்று தமிழ்த் தாயின் மடியில் வளர்ந்த நமக்குத் தோன்றும். செய்கிறேன் என்பது செய்தேன் ஆகும். அப்படியானால் நடக்கிறேன் என்பது? நடந்தேன். படிக்கிறேன் என்பதோ படித்தேன். நிற்கிறேன் என்பது நின்றேன். போகிறேன் என்பது போனேன். விழுகிறேன் என்பது விழுந்தேன், அழுகிறேன் என்பது அழுதேன். விழுவதும் அழுவதும் ஓசையில் இரட்டைப் பிள்ளைகள் போல் இருந்தும் இறந்தகாலத்தில் பிரிந்துபோவதைப் பாருங்கள்! நாம் ஐந்து வயதுக்குள் இவற்றையெல்லாம் பிழையின்றிச் சொல்கிறோம். ஏன் என்று கேட்டால் விழிக்கிறோம். நாம், நாங்கள் என்னும் வேறுபாடு இலத்தீனிலும் இல்லை, போர்த்துக்கீசிலும் இல்லை. எனக்குப் பசிக்கிறது என்னும்போது பசிப்பவர் எழுவாயாக நிற்பதில்லை. விசுவாச மந்திரத்தில் எனக்கு வேணும் என்று வந்த குழப்பத்தின் வேரும் இவ்விடத்தில்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இவ்வாறு தேடியவற்றைத் திரட்டி அடிகளார் போர்த்துக்கீசு மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். மலபார் மொழிக் கலை என்பது அதன் பெயரின் பொருள்; அக்காலத்தில் போர்த்துக்கீசியர் தமிழையும் மலபார் என்றே வழங்கினர். நூல் இலத்தீன் இலக்கணத்தின் சட்டத்திற்குள் தமிழை வைத்துப் பார்க்கிறது. அதனால் தமிழ் சில இடங்களில் பிறர் சட்டையை அணிந்தவர் போல் தோன்றும் என்று குறை சொல்வாரும் உண்டு. குறை இருக்கட்டும். பதினாறாம் நூற்றாண்டில் நம் கடற்கரை மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைப் புலவர் எவரும் எழுதி வைக்கவில்லை. பேச்சுத் தமிழ் இலக்கணத்திற்கு உரியது என்றே அவர்கள் எண்ணவில்லை. அயல்நாட்டார் ஒருவர் காதால் கேட்டதை எழுதி வைத்தார். இன்றைய ஆய்வாளர்க்கு அது புதையலாகிவிட்டது.

மொழியியல் என்று இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் துறையின் முதற்பாடமே இதுதான்: பேசுவோரிடம் செல், கேள், கேட்டதைக் கேட்டபடி எழுது, பிறகு ஒழுங்கைத் தேடு. மேல்நிலை வகுப்புச் சகோதரியர் பலர், மருத்துவம், பொறியியல் அல்லாவிடில் ஆசிரியப் பயிற்சி என்று மூன்று வழிகளையே அறிந்திருப்பதால் இதனைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மொழியியலுக்கு நெடுங்காலமாகவே பெயர் பெற்றது. மைசூரில் 1969ஆம் ஆண்டு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றியது. மொழியியல் கற்றோர் அகராதி தொகுக்கிறார்கள், பாடநூல் எழுதுகிறார்கள், பிறமொழியாளருக்குத் தமிழ் கற்பிக்கிறார்கள். கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் பணியிலும் இன்று அவர்கள் தேவைப்படுகிறார்கள். பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் துறை தனிப் படிப்பாயினும், அதற்கும் மொழியின் ஒலிகளைப் பற்றிய அறிவு வேண்டும். நம் தாமிரபரணி தோன்றும் மலையிலேயே காணி மக்கள் வாழ்கின்றனர். அவர்களது பேச்சையும் ஆராய்ந்திருக்கின்றனர். இன்னும் ஆராய இடமுண்டு.

மீண்டும் அடிகளாரிடம் வருவோம். 1549இல் வேதாளையில் அந்தோனி கிறிமினாலி அடிகளார் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் இக்கரைப் பணித்தளத்தின் தலைமை அண்டிரிக் அடிகளார் மேல் விழுந்தது. 1553இல் புன்னைக்காயல் தாக்குண்டபோது அவரும் சிறைப்பட்டு மீட்கப்பட்டார். அவ்வூரில் ஒரு மருத்துவமனையை நிறுவினார். உடன் உழைத்த குருக்கள் தமிழ் கற்றேயாக வேண்டும், தமக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆங்கிலத்தில் பேசாவிடில் தண்டம் விதிக்கும் பள்ளிகளைக் கேள்விப்பட்டிருக்கும் நமக்கு, தமிழில் பேசச் சொல்லி ஐரோப்பியர் ஐரோப்பியரை வற்புறுத்திய செய்தி சற்றுப் புன்னகையை வரவழைக்கும்.

அச்சு நூல்களின் கதை இனி. 1554இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு மறைக்கல்வி நூல் அச்சாயிற்று. மொழி தமிழ், எழுத்து ரோமன். விஞ்சேந்தே நசரேத், ஜார்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ் என்னும் மூன்று தமிழர் அதனை ஆக்குவதில் உழைத்தனர். ஆனால் அவ்வெழுத்தை இங்குள்ள மக்கள் படிக்க முடியுமா? தமிழ் எழுத்திலேயே நூல் வேண்டும். எழுத்து வார்க்கும் முயற்சி 1577இல் கோவாவிலும், 1578இல் கொல்லத்திலும் நடைபெற்றது. யோவான் கொன்சால்வஸ் என்னும் சகோதரரும் யோவான் தெ பாரியா என்னும் குருவும் எழுத்துகளை வார்த்தனர். பிராமண குலத்தில் பிறந்து இயேசு சபையில் சேர்ந்த பேரோ லூயிஸ் துணை நின்றார். செலவுக்குப் பொருள் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறை மக்கள். மூச்சடக்கிக் கடலுள் மூழ்கி ஈட்டிய பணம் அது.

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் இதுவே. வங்காளத்திலும் மராட்டியத்திலும் இல்லாத சிறப்பு, முத்துக்குளித்துறையின் காணிக்கையால் தமிழுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும், 1580இல் ஒப்புரவுக்கு உதவும் நூலும் வந்தன. நான் முன்னே சொன்ன துபாசித் தொல்லைக்கு இது மருந்தாயிற்று. 1586இல் புனிதர்களின் வரலாறு கூறும் அடியார் வரலாறு அறுநூறுக்கும் மேற்பட்ட பக்கங்களோடு வெளிவந்தது. அது புன்னைக்காயலிலேயே அச்சானது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இந்நூல்களை இன்று நம் கையில் கொடுத்தால் எளிதில் படித்துவிட மாட்டோம். ஓலையில் எழுதிய வழக்கப்படியே எழுத்து அச்சாகியிருக்கிறது: மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேறுபாடு இல்லை, காலும் ரகரமும் ஒரே வடிவம். குறில் நெடில் வேறுபடச் சுழி அமைத்த வீரமாமுனிவர் வந்தது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்திற்குப் பிறகு. நூலின் நடையும் பண்டித நடையன்று. முத்துக்குளிப்போர் வாய்மொழியும் வடசொல்லும் போர்த்துக்கீசுச் சொல்லும் கலந்து வரும். கடற்கரைப் பாட்டிமார் சொல்லும் சில செபச் சொற்கள் அந்நடைக்கு உறவுடையவை.

1600ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தம் எண்பதாம் வயதை ஒட்டி அடிகளார் இறைவனடி சேர்ந்தார். தூத்துக்குடியில் அவரை அடக்கம் செய்தனர். அண்டை ஊர்களின் இந்துக்களும் முஸ்லிம்களும் அவருக்காகத் துக்கம் காத்ததாகச் சபையின் பழைய ஏடுகள் குறிப்பிடுகின்றன.

அவர் நூல்கள் பல இங்கே அழிந்தன. ஓலை கரையானுக்கு இரையாவது போலவே தாளும் இரையாயிற்று. தம்பிரான் வணக்கத்தின் படி ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஒப்புரவு நூல் ஆக்ஸ்போர்டில். அடியார் வரலாறு வத்திக்கான் நூலகத்தில். அடியார் வரலாற்றை இயேசு சபை இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் பதிப்பித்தார். தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் வெளியிட்டது. இலக்கணமோ கையெழுத்துப் படியாகவே லிஸ்பன் தேசிய நூலகத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது தமிழை ஆழ்ந்து கற்ற தனிநாயக அடிகள், 1950களில் அதைப் பற்றித் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னார். 1982இல் செருமானிய அறிஞர் வெர்மீர் அதனை அச்சில் கொண்டுவந்தார். 2013இல் ஹார்வர்டு கீழைத்தேய நூல்வரிசையில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. மொழிபெயர்த்தவர்கள் இருவரும் பெண்கள்: ஜீன் ஹெயின், வி. எஸ். இராஜம். இராஜம் அம்மையார் தமிழ்நாட்டுப் பெண்மணி. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். சங்கச் செய்யுளின் மொழிக்கு விரிவான இலக்கணம் ஒன்றையும் 1992இல் வெளியிட்டவர். அண்டிரிக் அடிகளார் காதில் விழுந்தபடி எழுதிய ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இது எந்தச் சொல், அன்று இதை எப்படி ஒலித்திருப்பார்கள் என்று அந்நூலில் ஆராய்ந்திருக்கிறார்கள்.